எட்டு மணி நேரத்துக்குள்

காலை பத்து மணிக்கு விழுந்தவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது மணி மூன்றாகிவிட்டது. நடுவில் போன ஐந்து மணி நேரத்தைப் பற்றி அப்போது யாரும் கவலைப்படவில்லை. உயிரோடு இருக்கிறார், கேட்டால் பதில் சொல்கிறார், அதுவே போதும் என்றிருந்தது எல்லோருக்கும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு வருட அனுபவம். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பும்போது கால் வழுக்கி ஒன்றரை மாடி ஆழத்துக்குக் கீழே போய்விட்டார். தூக்கியவர்கள் பக்கத்திலிருந்த சின்ன கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நெற்றிக் காயத்துக்குத் தையல் போட்டு, வலி மாத்திரை கொடுத்து, சற்று நேரம் படுத்திருந்துவிட்டுப் போகலாம் என்றார்கள். மதியம் எழுப்பியபோதுதான் அவரால் எழுந்திருக்க முடியவில்லை என்பது தெரிந்தது.

அவருடைய மனைவி கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தாள். போன் வந்தபோது ஒரு சீட்டின் முதுகுப் பக்கத்தை மெஷினில் பாதி ஓட்டியிருந்தாள். ஊசியை இறக்கியது இறக்கியபடி விட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆஸ்பத்திரியில் படிவம் எழுத உட்கார்ந்தபோதுதான் வேலைக்குக் கட்டிய மேலங்கியைக் கழற்றவே இல்லை என்று கவனித்தாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் ஓர் இளம் பெண். கண்ணாடிக்குப் பின்னால் தூக்கமில்லாத கண்கள். கழுத்தில் ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவே தண்டுவடம் நசுங்கியிருக்கிறது, ஆனால் அறுந்துபோகவில்லை என்று ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். முழங்கை மடங்குகிறது, விரல் மடங்கவில்லை. பாதத்தைத் தொட்டால் தெரிகிறது, அசைக்கத்தான் முடியவில்லை. எலும்பை நிறுத்த மறுநாள் ஆபரேஷன். நடப்பாரா என்று கேட்டதற்கு, இப்போது எதையும் சொல்வதற்கில்லை என்றாள்.

அந்த நேரத்தில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவருக்கு ஒரே அக்கா. இருபத்திரண்டு வருடமாக ஒரு மருந்துக் கடையில் வேலை. கடைக்கு வருகிறவர்கள் டாக்டரிடம் கேட்கத் தயங்குவதையெல்லாம் அவளிடம்தான் கேட்பார்கள், அவளும் கூசாமல் பதில் சொல்வாள். அழுதுகொண்டே வந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, ஸ்டீராய்டு போட்டாயிற்றா என்பதுதான்.

போடவில்லை என்றாள் டாக்டர். ஏன் போடவில்லை என்று நாத்தனார் கேட்டாள். முதுகுத்தண்டில் அடிபட்டால் எட்டு மணி நேரத்துக்குள் அதைப் போட்டாக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கடையில் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னாள். ஒரு காலத்தில் வருகிற எல்லோருக்கும் அதைப் போட்டார்கள். வீக்கம் குறையும், கொஞ்சம் கூடுதலாக அசைவு திரும்பும் என்று நம்பினார்கள். அப்புறம் அவ்வளவு பலன் இல்லை என்று பலர் நிறுத்திவிட்டார்கள். இன்னும் போடுகிறவர்களும் உண்டு. அதிக அளவில் போடுவதால் வயிற்றில் ரத்தம் கசியலாம், நோய்த்தொற்று வரலாம், சர்க்கரை ஏறலாம். இந்த ஆஸ்பத்திரியில் கட்டாயமும் இல்லை, தடையும் இல்லை. குடும்பத்தோடு பேசி முடிவெடுப்பதுதான் வழக்கம்.

"கொஞ்சம்னா எவ்வளவு?" என்று மனைவி கேட்டாள்.

"சிலருக்கு ஒரு விரல் கூடுதலா அசையலாம். சிலருக்கு ஒண்ணுமே இல்லாமலும் போகலாம்."

"ஒரு விரல்னா சும்மாவா?" என்றாள் நாத்தனார். "கைத்தொழில் பண்றவனுக்கு ஒரு விரல் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா டாக்டர்?"

டாக்டர் உள்ளே படுத்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நினைவோடு இருக்கிறார், அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று மட்டும் சொன்னாள். நாத்தனார் சட்டென்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருக்கிற நிலைமையில் அவனைப் பயமுறுத்தாதே, மனசு விட்டுப்போய்விடும் என்று காதோடு காதாகச் சொன்னாள். மணி நாலே முக்கால்.

மனைவி உள்ளே போனாள். கழுத்தைச் சுற்றிக் கெட்டியான பட்டை, இரண்டு பக்கமும் மணல் பைகள். தலையைத் திருப்ப முடியாததால் அவள் அவருடைய கண்ணுக்கு நேராகக் குனிந்து நிற்க வேண்டியிருந்தது. டாக்டர் என்ன சொல்கிறார் என்று அவர் கேட்டார். சொல்லத்தான் போனாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மாற்றிக்கொண்டாள்.

"ஒரு ஊசி போடுறாங்க. எல்லாம் சரியாயிடும்," என்றாள்.

அவர் கண்ணை மூடித் திறந்தார், சரி என்பதுபோல.

வெளியே வந்து கையெழுத்துப் போட்டாள். மருந்தின் அளவைக் கணக்குப் போட அவருடைய எடை வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள். மனைவிக்குத் தெரியவில்லை. நாத்தனார் எழுபது இருக்கும் என்றாள். நர்ஸ் உள்ளே போய் அவரிடமே கேட்டாள். எழுபத்திரண்டு என்று தெளிவாகச் சொன்னார். லிஃப்ட் வேலை பார்க்கிறவர்களுக்குத் தங்கள் எடை எப்போதும் தெரியும். ஐந்து இருபதுக்கு ஊசி ஏறியது. அதன்பிறகு இருபத்து மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டே இருந்தது. நாத்தனார் கையோடு விலையையும் விசாரித்துவிட்டு வந்தாள். பயந்த அளவுக்கு இல்லை, நாம் தாங்கக்கூடியதுதான் என்றாள். அது உண்மைதான். ஊசியின் விலை பெரிதில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் அவர் கறுப்பாக வாந்தி எடுத்தார். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, ரத்தம் கசிகிற இடத்தை அடைத்தார்கள். நான்கு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் மூச்சு இரைத்தது. நுரையீரலில் சளி கட்டித் தொற்று ஏறிவிட்டது என்று தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். குழாய் உறுத்தாமல் இருக்க மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். சர்க்கரை இருநூறு, முந்நூறு என்று ஏறி இறங்கியது. ஒரு வாரத்தில் வார்டுக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லப்பட்ட மனிதர் பத்தொன்பது நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தார். வாந்தி எடுத்த காலையிலிருந்து பதினேழு நாள் அவருக்கு எதுவுமே நினைவில்லை.

அவளுக்கோ அந்தப் பதினேழு நாளும் மணிக்கு மணி நினைவிருந்தது. காலையும் மாலையும் கால் மணி நேரம் உள்ளே விட்டார்கள். மீதி நேரமெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை பணம் கட்டும் ஜன்னலுக்குக் கூப்பிடுவார்கள். லிஃப்ட் கம்பெனியின் ஒப்பந்தக்காரர், இடுப்புப் பட்டை மாட்டாமல் வேலை செய்தார் என்று காரணம் சொல்லி, கால்வாசிதான் தந்தார். தெருமுனையில் சொந்தமாகப் பட்டறை போட ஒரு அறைக்கு முன்பணம் கட்டி வைத்திருந்தாள் அவள். அதைத் திரும்ப வாங்கிக் கட்டினாள். நாத்தனார் தன் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாள். கேட்காமலே கொண்டுவந்து ரசீதோடு பணத்தை மடியில் போட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து ஊசியைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

ஒருநாள் மட்டும் மனைவி தாங்க முடியாமல் டாக்டரிடம் கேட்டாள், இதெல்லாம் அந்த ஊசியால்தானா என்று. அடித்துச் சொல்ல முடியாது என்றாள் டாக்டர். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு ஊசி போடாவிட்டாலும் நுரையீரலில் சளி கட்டும், போட்டால் வாய்ப்பு கூடும். அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றாள்.

இரண்டரை மாதம் கழித்துச் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார். வலது மணிக்கட்டு நன்றாகத் தூக்கியது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மெல்ல ஒன்றையொன்று தொட்டன. கரண்டியை உள்ளங்கையில் கட்டிய பட்டையில் செருகிக் கொடுத்தால் தானே சாப்பிட்டார். காலில் அசைவு இருந்தது, நிற்கிற அளவுக்கு இல்லை. பயிற்சி கொடுக்க வந்தவர், இந்த அளவு அடிக்கு இது நல்ல முன்னேற்றம் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபோது மனைவிக்கு நெஞ்சு ஒருமுறை நிமிர்ந்தது. ஊசியால் வந்ததாக இருக்கலாம் அல்லவா. மறுநிமிடமே, ஊசி இல்லாமலும் வந்திருக்கலாம், வயிற்று ரத்தமும் வென்டிலேட்டரும் இல்லாமல் இதே விரல்கள் இன்னும் சீக்கிரமே அசைந்திருக்கலாம் என்று வேறொரு நினைப்பு வந்து அதை அமுக்கியது. இரண்டில் எது நிஜம் என்று அவளால் பிடித்துவைக்க முடியவில்லை. சோறு வடிக்கும்போது ஒன்று, துணி துவைக்கும்போது ஒன்று என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்த மாதமே அவர் ஆஸ்பத்திரிப் பில்லைக் கேட்டார்.

எதற்கு என்றாள். பழுதான ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு நோட்டு இருக்கும், என்றைக்கு என்ன கெட்டது, யார் வந்து என்ன மாற்றினார்கள் என்று அதில் இருக்கும், அதைப் பார்க்காமல் தான் எந்தப் பழுதிலும் கை வைத்ததில்லை என்றார். தன் உடம்புக்குப் பதினேழு நாள் என்ன நடந்தது என்று தனக்குத் தெரியவில்லை, பில்லில் இருக்குமே என்றார். அவள் நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் தள்ளினாள். அதற்குமேல் தள்ள முடியவில்லை.

பதினாறு பக்கம். புத்தகம் வைக்கும் தாங்கியில் நிறுத்தி, மத்தியான வேளைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக வாசித்தாள். கழுத்துப் பட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. பஞ்சுக்குக்கூட விலை போட்டிருந்தார்கள். ஒரு பஞ்சு உருண்டைக்கு இவ்வளவா, இந்த விலைக்கு ஒரு மெத்தையே தைத்துவிடலாமே என்று அவள் சொன்னபோது அவர் சிரித்தார். அப்படியே முதல் நாள் பக்கத்தின் அடிக்கு வந்தாள். ஒரு வரியைத் தாண்டி அடுத்ததை வாசித்தாள்.

"ஒரு வரி விட்டுட்டே," என்றார் அவர்.

"எது?"

"அஞ்சு இருபதுக்கு ஒண்ணு இருக்கு."

அவள் வாசித்தாள். மருந்தின் நீளமான பெயரில் குரல் தடுமாறியது. அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார், அதற்கும் அடுத்ததை. வயிற்றுக் குழாய், ரத்தம், வென்டிலேட்டர், இன்சுலின், விலை உயர்ந்த நோய்த்தொற்று மருந்துகள் என்று தேதிவாரியாக வந்தன. பழுது தேடியே பழகிய கண் அவருக்கு. எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பிடித்துவிட்டார்.

அதன்பிறகு அவள் எதையும் மறைக்கவில்லை. டாக்டர் சொன்னது, நாத்தனார் சொன்னது, உள்ளே வந்து நின்றது, சொல்லாமல் திரும்பிப் போனது எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் பில்லை மறுபடி முதல் நாள் பக்கத்துக்குத் திருப்பச் சொன்னார். பிறகு சொன்னார்:

"என் எடை எவ்வளவுன்னு கேட்டாங்க. எழுபத்திரண்டுன்னு சொன்னேன். அதை மட்டும்தான் என்கிட்ட கேட்டாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. இரண்டு நாள் அவர் வாயிலிருந்து தேவைக்கு மேல் ஒரு சொல் வரவில்லை. தண்ணீர் வேண்டும், திருப்பிப் படுக்க வை, ஜன்னலைச் சாத்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் புண் வந்துவிடும். பேசாத மனிதரைத் தொட்டுப் புரட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த இரண்டு நாளில் அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். மறுபரிசோதனைக்கு எப்படியும் போகவேண்டியிருந்தது. டாக்டரம்மா விரல்களை மடக்கிப் பார்த்து, பாதத்தில் குண்டூசியால் தொட்டுப் பார்த்து, எழுதி முடித்தபிறகு அவர் கேட்டார். குற்றம் சாட்டும் குரல் இல்லை, பழுது விசாரிக்கும் குரல்தான். ஊசியால் விரல் வந்ததா, ஊசியால் நுரையீரல் கெட்டதா என்று கேட்டார். இரண்டுக்கும் தெரியாது என்றாள் அவள். ஊசி போடாத இன்னொரு நீங்கள் இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்றாள்.

"உங்க அப்பாவா இருந்தா போட்டிருப்பீங்களா?"

டாக்டர் பேனாவை மூடிவைத்தாள். "போட்டிருக்க மாட்டேன். அன்னைக்கு இவங்க கேட்டிருந்தா அதைச் சொல்லியிருப்பேன். கேக்கலைன்னாலும் சொல்லியிருக்கணும். இவங்க நின்ன நிலையைப் பார்த்து, இருக்கிற ஒரே நம்பிக்கையையும் பிடுங்க வேண்டாம்னு விட்டுட்டேன். உங்ககிட்ட நானே வந்து கேக்காததும் என் தப்புதான்."

ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் அப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வரும் வண்டியில், பாதி வழியில், அவராகவே பேச்சை எடுத்தார்.

"நீ கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு யோசிச்சுப் பார்த்தேன். எவ்வளவு யோசிச்சும் தெரியலை. பயத்துல போடுன்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அதுக்காக நீ கேக்காம விட்டது சரின்னு ஆயிடாது."

"ஆகாது," என்றாள் அவள்.

காரணம் சொல்ல அவளுக்கு நிறைய இருந்தது. மணி ஆகிக்கொண்டிருந்தது, உங்கள் அக்கா கையைப் பிடித்தாள், உங்கள் முகம் அப்படி இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. அவருடைய வலது கை மடியிலிருந்து நழுவியிருந்தது, எடுத்து மடிமேல் வைத்தாள். அந்த இரண்டு விரல்கள் அவளுடைய விரலை லேசாகப் பிடித்தன. பிடித்தனவா, தாமாக மடங்கினவா என்று அவளுக்கு நிச்சயமில்லை. கேட்கவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை வரச்சொல்லி அவர் போன் போடச் சொன்னார். பில் வாசித்த விஷயம் நாத்தனார் காதுக்குப் போயிருந்தது. குற்ற உணர்ச்சியில் குறுகிப்போய் வருவாள் என்று மனைவி நினைத்தாள். நாத்தனாரோ ஒரு பை நிறைய மாத்திரைகளோடு வந்து, தேதி முடியப்போகிறவற்றை முன்னால் அடுக்கி, எதை எப்போது தரவேண்டும் என்று அட்டவணை எழுதி முடித்த பிறகுதான் தம்பி முன்னால் உட்கார்ந்தாள்.

அவர் கொஞ்சம் தயங்கி, ஊசி விஷயத்தில் அவள் மேல் வருத்தம் இல்லை என்றார்.

"வருத்தம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் அவள். "நாளைக்கே மறுபடி விழுந்தாலும் போடுங்கன்னுதான் சொல்லுவேன். கையைக் கட்டிக்கிட்டு மணியைப் பார்த்துட்டு நிக்க என்னால ஆகாது."

"மறுபடி விழணுமா நான்?"

"விழாதே. பட்டையை மாட்டிட்டு ஏறு."

எந்தப் பட்டை, எதில் ஏறுவது என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. முதலில் சிரித்தவர் அவர்தான். அடக்க முடியாமல் சிரித்து இருமல் வந்துவிட்டது. கழுத்தில் அடிபட்டவர்கள் இருமினால் வயிற்றை அழுத்திவிட வேண்டும், இரண்டு பெண்களும் இரண்டு பக்கமாக ஓடினார்கள். இருமல் அடங்கியதும் பார்த்தால் நாத்தனார் அழுதுகொண்டிருந்தாள். ஊசி போட்டதுக்காக இல்லை, பயமுறுத்தாதேன்னு இவளைத் தடுத்தேன் பார், அதுக்கு மட்டும் மன்னிச்சுக்கோடா என்றாள். நீ சின்னப் பையன் இல்லைன்னு எனக்கு அந்த நேரம் தோணலை என்றாள். அவர் சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு அந்த வீட்டில் வேறொரு தொல்லை ஆரம்பித்தது. மனைவி எல்லாவற்றுக்கும் அவரிடம் கேட்கத் தொடங்கினாள். எந்த மாத்திரையை முதலில், எந்தப் பக்கம் புரட்ட, மருந்துக் கடன் இந்த மாதமா அடுத்த மாதமா. குழம்புக்கு என்ன காய் என்றுகூடக் கேட்டாள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, காயையெல்லாம் நீயே பார்த்துக்கொள், என் உடம்பு விஷயத்தை மட்டும் கேள் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடும் அளவுக்குக் கை வந்துவிட்டதே என்றாள் அவள்.

கடன் அடைய இன்னும் பதினோரு மாதம் பிடிக்கும். சங்கிலி மீண்டுவிட்டது. தெருமுனை அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டார்கள், அதனால் பட்டறை முதலாளியிடம் ஒரு பழைய மெஷினைத் தவணைக்கு வாங்கி வீட்டுக் கூடத்திலேயே போட்டிருக்கிறாள். சக்கர நாற்காலிகளுக்கு மெத்தை உறை தைத்துத் தருகிறாள். புண் வராத மாதிரித் தையல் எங்கே வரக்கூடாது என்று அவளுக்குத்தான் தெரியும் என்று பயிற்சி கொடுப்பவர் ஆளனுப்புகிறார்.

அவருக்கும் வேலை வந்திருக்கிறது. பழைய கூட்டாளிகள் சேர்ந்து வாங்கித் தந்தது. லிஃப்ட் நின்றுபோனால் புதிய மெக்கானிக்குகள் அவரைப் போனில் கூப்பிடுகிறார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அங்கே மோட்டாரைப் போடு, கதவைத் திற, மூடு, போனைக் கிட்டே கொண்டுபோ என்று சொல்கிறார்.

நேற்று மத்தியானம் அப்படி ஓர் அழைப்பு. அவள் ஒரு தடித்த உறையை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் இடது கையைக் கொஞ்சம் உயர்த்தினார். அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். கூடம் அமைதியானது. அவர் கண்ணை மூடி, எங்கேயோ ஒரு கட்டடத்தில் கதவு திறந்து மூடும் சத்தத்தைக் கேட்டார். இன்னொரு தடவை மூடச் சொன்னார்.

"மூணாவது மாடி, கதவுக்கு மேல, வலது பக்க ரோலர். தேய்ஞ்சிருக்கும், பாரு," என்றார்.

அந்தப் பக்கம் ஆள் ஏணி எடுக்கப் போனான். அவர் காத்திருந்தார். அவளும் மெஷின்மேல் கையை வைத்தபடியே, சொன்னது சரிதானா என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தாள்.